தெர்மாகோல் கிணறு

பள்ளிக்கூட வரவேற்பு மேசையில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, உங்கள் பள்ளியில் படித்த யாரைப் பற்றியாவது சினிமா எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால், அன்றே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் படித்து, ஓட்டப் பந்தயத்தில் பதக்கங்களாக வாங்கிக் குவித்த ஓர் அம்மாவின் கதை படமாக வந்தது. அதோடு என் நிம்மதி போனது.

மாலை போட்டோம்

முதலில் வந்தவர், தானும் அந்த அம்மாவும் ஒரே வகுப்பு என்றார். நம்பினேன். ஆண்டு விழாவில் மேடையேற்றி மாலையும் போட்டோம். அவர் படித்தது குன்றத்தூரில் என்று பிறகுதான் தெரிந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு டுபாக்கூரை உள்ள விட்டீங்கன்னா, அப்புறம் இந்த சீட்ல நீங்க இருக்க மாட்டீங்க, சார்" என்றார்.

கிணற்றுச் சோதனை

அன்று முதல் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். ஒரு சோதனையும் கண்டுபிடித்தேன். படத்தில் அந்தப் பெண் பள்ளிக் கிணற்றில் நீர் இறைத்துக் குடித்துவிட்டு ஓடுவாள். எங்கள் பள்ளியில் கிணறே கிடையாது. படக்காரர்கள் தெர்மாகோலில் செய்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள், முடிந்ததும் வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஆகவே, கிணறு என்று வாயெடுத்தால் ஆள் போலி.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர், அந்த அம்மாவுக்கு வாளி இழுத்துக் கொடுத்ததே தான்தான் என்றார். கிணறே இல்லையே என்றேன். மனிதர் அசரவில்லை. "எப்டி சார் இருக்கும்? பசங்க வுழுந்துடப் போவுதுன்னு அத்த மூடச் சொன்னதே நான்தானே!"

ஆட்டோவில் வந்தவர்

போன வாரம் ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பதக்கம் வாங்கிய அம்மாவின் பெயரையே தன் பெயராகச் சொன்னார். அதே பெயரைச் சொல்லிக்கொண்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். படத்தில் நடித்த பெண்ணின் ஜாடைகூட இவருக்கு இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "கெணறு எங்க தம்பி? தூத்துட்டீங்களா?" என்றார். மாட்டினார் என்று எனக்கு ஒரே குஷி. வாசலைக் காட்டினேன். வாசல் பக்கம் நடந்தார்.

எதிரே வந்த தலைமையாசிரியை, "மேடம், வாங்க வாங்க! எங்க கெளம்பிட்டீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியையே அழைத்திருந்தாராம். கூட்டம் கூடிவிடும் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. என் சீட் போயிற்று என்றே நினைத்தேன். அந்த அம்மாவோ, "வேப்பமரத்தப் பாத்துட்டு வரலாம்னு போனேன்மா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கிளம்பும்போது என் மேசைக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "நெசமாவே கெணறு இல்லியா தம்பி? கொழாத் தண்ணி குடிச்சதாத்தான் எனக்கு ஞாபகம். ஆனா அந்தப் படத்தப் பாத்ததுலேர்ந்து கண்ண மூடினா கெணறுதான் வருது. இங்கயே இருக்கறவங்க யார்னா சொன்னாத்தான் மனசு ஆறும்னு வந்தேன்."

இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன், சீட்டும் தப்பியது, ஆனால் அன்றிலிருந்து நான் படித்த பள்ளியில் கிணறு இருந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.