மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில்

போன சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண் பார்க்கும் படலம். கோயிலில் அல்ல... நாடக மண்டபத்தில்!

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? இரு வீட்டாரும் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திப்பார்கள். பெண் சேலை கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிடுவாள். மாப்பிள்ளையின் தாய் தூணோரம் நின்று எடை போடுவார்.

என் சிநேகிதி ராஜியின் மகள் துளசி இதற்குச் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையின் போட்டோ அவளுக்கு நன்றாகவே பிடித்திருந்தது — அதுதான் சிக்கல்.

"அம்மா, கலியாணத்துக்குப் பிறகும் நான் நடிப்பன். அதை மறைச்சுப்போட்டுக் கட்டேலாது. நாடகத்துக்கு வரச் சொல்லுங்கோ."

ராஜியும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படியே சொன்னாள். "குடும்பப் பாங்கான வேஷம்" என்றும் சேர்த்துக்கொண்டாள். பொய்யில்லை. அந்தப் பழைய நாடகத்தில் முக்கால்வாசி நேரமும் துளசி புருஷனுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள். கடைசிக் காட்சியில்தானே வீட்டைவிட்டே போகிறாள்!

ராஜிக்கும் மாப்பிள்ளையின் தாய்க்கும் நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன். "நல்ல அடக்கமான பிள்ளை" என்று அந்தம்மாள் என் காதில் சொன்னார். ராஜிக்கு வியர்த்தது.

வந்தது கடைசிக் காட்சி. துளசி சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். "இந்த வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எனக்குத்தான் இடமில்லை." பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, எங்களை உரசிக்கொண்டு, வாசலால் போயே விட்டாள்.

"ஐயோ, என்ர லண்டன் சூட்கேஸ்..." என்று ராஜி முனகினாள்.

மண்டபம் அதிரக் கைதட்டல். மாப்பிள்ளையும் எழுந்து நின்று தட்டினார். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். மேடையில் வீட்டைவிட்டுப் போகிறவளுக்குக் கைதட்டுவோம். மருமகளாக வர மட்டும் தேத்தண்ணி ஊற்றுகிறவள் வேண்டும். இது என்ன நியாயம்?

அந்தம்மாள் விறுவிறென்று மேடைக்குப் பின்னால் போனார். நாங்களும் ஓடினோம். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

துளசி பவுடரைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். நேராகவே சொன்னாள்:

"ஆன்ட்டி, நான் தொடர்ந்து நடிப்பன். உங்களுக்குச் சரிவராட்டி இப்பவே சொல்லிவிடுங்கோ."

அந்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரது கணவர் ஓட்டோ பிடிக்கப் போயிருந்தார்.

"நடியும் பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? அந்தச் சாவி வைக்கிற வசனத்தை மட்டும் இன்னொருக்கா ஆறுதலா, மெல்லச் சொல்லும்... நான் பாடமாக்கோணும்."

கலியாணம் ஆவணியில். மாமியாரின் வசன ஒத்திகை மாமனாருக்கு மட்டும் இன்னும் தெரியாது!