ஒரு பொன்னாடையும் நாலு குடம் தண்ணீரும்

அன்று அந்த மாடி ஹாலில் இருந்தவர்கள் மொத்தம் பதினாலு பேர். சங்கத் தலைவர், அவர் மருமகள், செயலாளர், பொருளாளர், சிறப்பு விருந்தினர், சிறப்பு விருந்தினரோடு சும்மா வந்த அவருடைய மைத்துனர், எங்கள் நர்சிங் ஹோம் மேட்ரன், வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த நாலு நர்சுகள், போட்டோகிராபர், ஹால் வாட்ச்மேன், அப்புறம் நான். எண்ணிக்கை தப்பாது. பயம் வந்தால் நான் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன், அன்றைக்கு விடிந்ததிலிருந்தே எனக்குப் பயம். நாற்காலிகளையும் எண்ணினேன். நூறு. பிற்பாடு வந்த ஆண்டறிக்கையில் "அரங்கம் நிறைந்த கூட்டம்" என்று போட்டிருந்தார்கள். நாற்காலிகளைச் சொன்னார்களோ என்னவோ.

ஆஸ்பத்திரிகளில் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்று பரவாமல் தடுக்கிறவர்களின் சங்கம் அது. டாக்டர், நர்ஸ், லேப்காரர், என்னைப் போல ஆபரேஷன் சாமான்களை ஆவியில் வேகவைத்து எடுக்கிறவர்கள், எல்லாரும் சேரலாம் என்று விதி. சேரலாம், ஆனால் உட்கார வேண்டியது கடைசி வரிசை. ஊர் பேர் மாறின புதுசு. தி. நகர் சந்தில் இருந்த அந்த ஹாலில் கட்டியிருந்த பேனரில் மெட்ராஸ் மேல் சென்னை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஃபேன் காற்றில் காகிதம் தூக்கித் தூக்கி மெட்ராஸ் எட்டிப் பார்த்தது. அதற்குக் கீழே "தொண்டர் தலைவர்களுக்குப் பாராட்டு விழா". சம்பளம் வாங்காமல் சங்கத்துக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, கை குலுக்கி, சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஆறு பேர். ஆறாவது நான்.

பொன்னாடைக்கு நான் ஆசைப்படவில்லை. சர்டிபிகேட் இல்லாவிட்டால் என் வேலை போகும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா கட்டுமரத்தில் போய்க் காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்த வருஷம் அது. அம்மாவோடு மீன் கூடையைத் தூக்கினேன், அப்புறம் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் இருந்த நர்சிங் ஹோமில் ஆயாவாகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் பெட்பேன் கழுவினேன். எதையும் மூன்று தரம் சரிபார்க்கிற என் வியாதியைப் பார்த்துத்தான் மேட்ரன் என்னைச் சாமான் வேகவைக்கிற ஆட்டோகிளேவ் ரூமுக்கு மாற்றினார். வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெரு முனையிலிருந்து திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பவள் நான். வீட்டில் அதற்குத் திட்டு. அந்த ரூமில் அதற்குத்தான் சம்பளம்.

ஆறு வருஷம் கழித்துப் புது நிர்வாகி ஒருத்தர் வந்தார். கழுத்தில் டை. "சர்டிபிகேட் இல்லாதவங்க இந்த ரூம்ல இருக்கக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள ஏதாவது பேப்பர் கொண்டு வா, இல்லாட்டி பழையபடி வார்டுக்குப் போ" என்றார். வார்டு என்றால் பெட்பேன், சம்பளத்தில் நானூறு ரூபாய் குறைச்சல்.

மேட்ரன்தான் வழி சொன்னார். "ஏம்மா, ரெண்டு வருஷமா அந்தச் சங்கத்துக்காக வெயில்ல அலையிற. ஒரு காகிதம் குடுக்க மாட்டாங்களா? நான் பேசறேன் இரு."

அலைந்தது உண்மை. துணி, சாமான்களை அடைத்து வேகவைக்கும் டிரம்மின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு சரியாக ஏறினால் அதில் கறுப்புக் கோடுகள் விழும், ஏறாவிட்டால் வெளிறிக் கிடக்கும். ராயப்பேட்டை, நந்தனம், வடபழனி என்று சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களுக்கு ஒன்றுவிட்ட சனிக்கிழமை பஸ்ஸில் போய், ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு துண்டு டேப் வாங்கி வந்து, லாங் சைஸ் நோட்டில் ஒட்டி, இடம், தேதி எழுதிவைப்பேன். வெளிறின டேப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. சங்கம் என்று ஒன்று உருப்படியாகச் செய்த வேலை அந்த ஒரு நோட்டுதான். செயலாளர் அதை வாங்கிக்கொண்டு போய் எங்கேயோ ஒரு மாநாட்டில் தன் ஆராய்ச்சி என்று வாசித்துவிட்டு வந்தார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. நோட்டு தொலைந்துவிடுமோ என்ற கவலைதான் வந்தது.

விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். போனதும் கை கழுவ வாஷ்பேசின் பக்கம் போய்க் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. கீழே இறங்கி வாட்ச்மேனைக் கேட்டேன்.

"இன்னாம்மா, தண்ணியா? மேல டேங்க் காலி. லாரி வந்து நாலு நாள் ஆவுது. வாடகைக்கு எடுத்தவரு கைல அன்னிக்கே சொன்னேனே. பரவால்லன்னாரு."

எடுத்தவர் பொருளாளர். கிருமிநாசினி விற்கிற கம்பெனியில் ஏஜென்ட். அவரிடம் போய், கை கழுவத் தண்ணீர் இல்லை சார் என்றேன். அவர் சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஸ்பூன் வச்சிருக்கோம்ல, விடும்மா."

"கை கழுவறத பத்தித்தான சார் இன்னிக்கிக் கூட்டம்?"

"உனக்கு அவ்ளோ கவலைன்னா நீயே வாங்கிப் போடு. அப்புறம் பார்த்துக்கலாம்."

எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் நாலு குடம் தண்ணீர் வாங்கினேன். பஞ்சகாலம், குடம் அஞ்சு ரூபாய். அவளிடமே ரெண்டு சோப்பு. மக்கு ஒன்று இரவல் கேட்டதற்கு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாக்கா, உள்ள கீறவங்கெல்லாம் டாக்டருங்கோன்ற. அவங்க கை கழுவ நீ தண்ணி தூக்கினு போறியா? மக்குக்கு நாலு ரூபா வாடகை வச்சிட்டுப் போ. டாக்டருங்கோ எட்துகினு பூட்டா நான் யாரக் கேக்கறது?"

குடங்களை ஒவ்வொன்றாக மாடி ஏற்றி மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். சோப்பைப் பிரித்துத் தட்டில் வைத்தேன். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. குடம் தூக்குகிறவளை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

தலைவர் வந்தார். அடையாற்றில் பங்களா, பெரிய சர்ஜன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மெட்ராஸ் ஐ. கண்ணாடிக்குக் கீழே கன்னம் வரை ஈரம் வழிந்துகொண்டிருந்தது. தொற்றைத் தடுக்கும் சங்கத்தின் தலைவர், ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த தொற்றைத் தானே சுமந்துகொண்டு, அதைத் தடுப்பது எப்படி என்று பேச வந்திருந்தார். வீட்டில் படுத்திருக்கலாம். ஆனால் போட்டோ எடுக்கிறார்களே.

முக்கால் மணி நேரம் பேசினார். கை கழுவுவது ஒரு தவம் என்றார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். நடுநடுவே கண்ணாடியைத் தூக்கிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எல்லாம் அதே வலது கை. நான் எண்ணினேன். பதினோரு தரம். கைக்குட்டை நனைந்துபோன பிறகு வெறும் விரலால் துடைத்தார்.

பிறகு பாராட்டு. முதல் தொண்டர் தலைவர், செயலாளர். அந்தப் பட்டியலை எழுதியவரும் அவர்தான். ரெண்டாவது, பொருளாளர். மூன்றாவது, தலைவரின் மருமகள். அவள் சங்கத்துக்கு வந்து நான் பார்த்த முதல் நாள் அது. நாலாவதாக வர வேண்டியவர் வரவில்லை, போட்டோவில் ஆள் குறையக் கூடாதென்று தூங்கிக்கொண்டிருந்த மைத்துனரை எழுப்பி மேடையேற்றினார்கள். அவரும் கொட்டாவி விட்டுக்கொண்டே தொண்டர் தலைவர் ஆனார். ஐந்தாவது, எங்கள் மேட்ரன். அந்த ஐந்தில் அவர் ஒருத்தர்தான் நிஜமாக உழைத்தவர்.

பொன்னாடை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். தோளில் போடுவார்கள், கேமரா வெளிச்சம் மின்னும், அடுத்த நொடி பொருளாளர் பின்னால் வந்து அதை உருவி உதறி மடித்து அடுத்தவருக்காகத் தலைவர் கையில் கொடுப்பார். ஒரு துணி தரையில் பட்டாலே மொத்த டிரம்மையும் திரும்ப வேகவைக்கிறவள் நான். தலைவரின் அந்த விரல்கள் பட்ட ஜரிகை ஒவ்வொரு கழுத்தாக ஏறி இறங்குவதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பார்த்தாலே மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொள்ளும் என்பது தெருவில் போகிறவர்கள் சொல்வது. கையால்தான் பரவும் என்பது இவர்கள் சார்ட் அடித்து ஒட்டின பாடம், அந்தச் சார்ட்டைச் சுருட்டிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். மேடை ஏறியவர்கள் அத்தனை பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் முகத்தைப் பார்க்காமல் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் குலுக்கினார்கள். படித்தவர்கள். மருமகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டே கையைக் கொடுத்தாள்.

என் முறை வந்தது. செயலாளர் மைக்கில், "நமது சங்கத்தின் கடைக்கோடித் தொண்டர்" என்று கூப்பிட்டார். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடை ஏறினேன். தலைவரின் இடது கையில் என் சர்டிபிகேட். வலது கை என்னை நோக்கி நீண்டது. விரல்கள் பளபளவென்று ஈரம்.

வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அப்புறம் ஓடிப்போய் என் குடத்துத் தண்ணீரிலேயே கழுவிக்கொள்ளலாம். அதுதான் புத்தி. ஆனால் நாளைக் காலை இந்தக் கையோடு நான் டிரம் அடுக்க வேண்டும். கும்பிட்டேன். அவர் கையை இறக்கவில்லை. என் வாய் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

"சார், கைய கழுவிட்டுக் குடுங்க சார். தண்ணி வச்சிருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் பக்கத்தில் இருந்தது. நூறு நாற்காலிக்கும் கேட்டது.

போட்டோகிராபர் கேமராவுக்குப் பின்னால் சிரித்துவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே ரெண்டும் ரத்தச் சிவப்பு.

"எனக்கே சொல்லித் தரியாம்மா நீ? எத்தன வருஷமா ஆபரேஷன் பண்றேன் தெரியுமா?"

"தெரியாது சார். பதினோரு தடவ கண்ண தொட்டீங்க சார். எண்ணினேன்."

அவர் சர்டிபிகேட்டைச் செயலாளரிடம் நீட்டினார். "இத அப்புறம் பார்த்துக்கலாம். சாப்பாடு ஆறிடப் போறது."

முடிந்தது. இறங்கி வரும்போது மேட்ரன் என் முழங்கையைக் கிள்ளினார். "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலயா உனக்கு? இன்னும் ஒரு நிமிஷம்தானடி!"

என் தண்ணீரில் கை கழுவியவர்கள் நாலு நர்சுகள், போட்டோகிராபர், நான். மேட்ரன் என்மேல் இருந்த கோபத்தில் கழுவவில்லை. மேடைக்காரர்கள் ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்கள். மீந்த ரெண்டரைக் குடத்தை வாட்ச்மேன் வீட்டுக்கு ஊற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மேட்ரன் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அதே வாரம் பொருளாளர், கிருமிநாசினி ஆர்டர் எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். மருமகளுக்கும் வந்துவிட்டதாம். நான் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. வராததும் ஒரு கவலையாக இருந்தது. இன்னும் வரலாமே.

மாசக் கடைசி நெருங்கியது. தி. நகரில் செயலாளரின் லேபுக்கு மூன்று தரம் போனேன். ரெண்டு தரம் வெளியே உட்கார வைத்தே அனுப்பினார்கள். மூன்றாம் தரம் உள்ளே விட்டார்கள். அவர் மேஜையில் என் நோட்டு, அதன் மேல் காபி டம்ளர் வைத்த வட்டம்.

"தலைவர் மனசு ரொம்பப் புண்பட்டுப் போச்சும்மா."

"மன்னிச்சுக்கச் சொல்லுங்க சார்" என்றேன். சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை. அவர்களை எவ்வளவு மட்டமாக நினைக்கிறேனோ அதில் கால்வாசியை அந்த ஒரு வாக்கியத்துக்காக என் பங்கில் எழுதிக்கொள்கிறேன்.

"தொண்டர் தலைவர்னு போட்டதுல இனிமே அவர் கையெழுத்து போட மாட்டார். வேற ஒண்ணு டைப் பண்ணித் தரேன். ஆனா உனக்கு சந்தா பாக்கி இருக்கே, இருபத்தஞ்சு ரூபா."

"தண்ணிக்கும் சோப்புக்கும் நான் போட்டது முப்பத்தெட்டு இருக்கு சார். அதுல கழிச்சிக்கங்க."

அவர் பொருளாளருக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். "பில் இருக்கா? பில் இல்லாம கணக்குல ஏத்த முடியாதாம்."

டீக்கடை அம்மாவிடம் போய்க் கேட்டேன். "கொடத்துக்கு பில்லா? யக்கா, அவங்கள வந்து தண்ணியக் குடிக்கச் சொல்லு, பில்லு தானா வரும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடுத்த நாள் முப்பதாம் தேதி. திரும்பிப் போய் இருபத்தைந்து ரூபாய் கட்டினேன். மறுநாள் மத்தியானம் கவரில் போட்டு சர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள்.

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். மேட்ரனிடம் காட்டினேன். அவர் சிவந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார், அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாராட்டு விழாவில் விருந்தினர்கள் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் தன் சொந்த முயற்சியில் ஏற்பாடு செய்து உதவியதற்காக வழங்கப்படுகிறது என்று இருந்தது. கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் கையெழுத்து. வட்டமாக ஒரு சீல்.

நிர்வாகி அதைப் படிக்கவே இல்லை. சீலைப் பார்த்தார், கையெழுத்துகளைப் பார்த்தார். "ம், இது போதும்" என்று ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட்டுக்கொண்டார். படிக்கத் தெரிந்த அந்த ஆளும் அவ்வளவுதான். ஆட்டோகிளேவ் ரூமில் நான் அப்புறமும் பல வருஷம் இருந்தேன்.

இந்த சர்டிபிகேட் இப்போதும் என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. பில் கேட்டார்களே, இதைவிட நல்ல பில் எந்தக் கடையில் கிடைக்கும்? தண்ணீர் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், சோப்பு என்று எழுதியிருக்கிறார்கள், வாங்கியது நான் என்று மூன்று பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள். தொகை ஒன்றுதான் விட்டுப்போயிற்று, அதை நான் எழுதிவிடுகிறேன். தண்ணீர் நாலு குடம், இருபது. சோப்பு ரெண்டு, பதினாலு. மக்கு வாடகை, நாலு. வர வேண்டிய பாக்கி முப்பத்தெட்டு ரூபாய்.