தைக்காமல் விட்ட காம்பரா

டுபாயில் அந்தப் பெரிய மண்டபத்தில் பெட்டியைத் திறந்து படங்கை விரித்தபோது முதலில் எழுந்து வந்தது தேயிலைக் கொழுந்து வாசம். சுற்றிலும் வெள்ளைச் சுவர், எலும்புக்குள் இறங்கும் ஏசி, அத்தர் மணக்கும் மனிதர்கள். அதற்கு நடுவே எங்கள் மலை வந்து நின்ற மாதிரி இருந்தது. படங்கு என்பது பெரிய சாமான் ஒன்றுமில்லை. தேயிலைச் செடியின் குச்சி தொடையைக் கிழிக்காமல் இருக்க, பனி ஈரம் ஏறாமல் இருக்க, எங்கள் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் சாக்கு. மண் சரிந்த அன்றைக்கு அக்கா கட்டியிருந்த படங்கு அது. அதன் மேல் எங்கள் லயம் முழுவதையும், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த நீள வரிசைக் குடியிருப்பை, நூலால் தைத்திருந்தாள். நான்தான் மட்டம் பிடித்து, ஆணி அடித்து, அதைச் சுவரில் மாட்டினேன். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். காம்பராக்களின், அதாவது ஒற்றை அறை வீடுகளின், வரிசையில் ஒன்று மட்டும் வெறும் சாக்காக இருந்தது. அது அக்காவின் காம்பரா.

அக்கா என் பெரியம்மா மகள். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தோம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. கொழும்புக்குப் போய்க் கடை கடையாக எடுபிடி வேலை பார்த்து, கடைசியில் ஒரு பழைய கேலரியில் ஒட்டிக்கொண்டேன். படம் மாட்டுவது, இறக்குவது, பெட்டி கட்டுவது என் வேலை. அக்கா மலையிலேயே இருந்தாள். மண் சரிந்த காலையில் அவள் மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மச்சான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர்களுக்கு லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் தெரிந்தது. தோண்டினார்கள். மழை விடவில்லை. பிறகு தோண்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். எங்களில் பல பேருக்கு எரிக்கவோ புதைக்கவோ ஒன்றும் கிடைக்கவில்லை. மண்மேட்டைப் பார்த்துக் கும்பிட்டுக் கருமாதியை முடித்தோம்.

மிச்சப்பட்டவர்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள். நிவாரணம் என்று ஊர் ஊராகச் சாமான் வந்தது. அதில் யாருக்கும் பொருந்தாத பழைய கம்பளிச் சட்டைகள் நிறைய. அக்கா அவற்றைப் பிரித்து நூல் நூலாக உருட்டி வைத்துக்கொண்டாள். ஒருநாள் படங்கை மடியில் போட்டு, சாக்குத் தைக்கிற ஊசியால் முதல் காம்பராவின் கதவைத் தைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பார்க்கக் கூட்டம் கூடியது. “எங்க கதவு பச்சை இல்லடி, நீலம். போன தீபாவளிக்குத்தானே அடிச்சோம்” என்று ஒருத்தி வந்து பிரிக்கச் சொல்வாள். இன்னொருத்தி, “என் மாமியார இம்புட்டுக் குண்டாவா தைப்பே? உயிரோட இருந்தா உன்னைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருக்கும்” என்பாள். அந்தக் கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அந்த ஒரு மூலையில்தான். சிரித்து முடித்ததும் அப்படிச் சொன்னவளே படங்கின் விளிம்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாள். ஒரு வீட்டுக்கு ரோசாச் செடி வைத்த மாவு டின், ஒரு வீட்டுக்குக் கோழிக்கூடு, காது கேட்காத கிழவர் வீட்டுக்கு அவர் சத்தமாக வைக்கும் ரேடியோ. அப்படி ஒவ்வொரு காம்பராவிலும் அந்தக் காலையில் யார் எப்படி இருந்திருப்பார்கள் என்று உறவுக்காரர்களைக் கேட்டுக் கேட்டுத் தைத்தாள். விளக்கு வைக்க எங்களுக்கு வேறு இடம் இல்லை. வெள்ளிக்கிழமை அந்தப் படங்குக்கு முன்னால்தான் விளக்கு எரிந்தது.

தன் காம்பராவுக்கு வந்ததும் ஊசி நின்றுவிட்டது. லீவில் போயிருந்தபோது நான் கேட்டேன். அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: “நான் காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறப்போ பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் எந்திரிச்சிருச்சா, படுத்தே கெடந்துச்சான்னு தெரியல. தெரியாம எப்படித் தம்பி தைக்கிறது?”

எங்கள் கேலரி மேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்புத் தமிழ் அம்மா. கலவரத்தையும் குண்டுகளையும் பெட்ரோல் வரிசையையும் கடந்து கேலரிக் கதவைத் திறந்து வைத்திருந்தவர். படம் பார்க்க ஒரு ஆள் வராத மாதங்களிலும் காலையில் எல்லா விளக்கையும் போடச் சொல்வார். “இருட்டா கெடந்தா செத்துப்போச்சுன்னு நெனச்சிருவாங்க” என்பார். ஒருநாள் நான் போனில் காட்டிய படங்கின் படத்தைப் பார்த்தவர், மறுநாளே கார் எடுத்துக்கொண்டு பெரகல வழியாக மலை ஏறிவிட்டார்.

பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். மேடம் மறைக்காமல்தான் பேசினார். டுபாயில் பெரிய கலைச் சந்தை, பல நாட்டிலிருந்து வருவார்கள், அங்கே வைக்கிறேன், யாராவது கேட்டால் விற்கலாமா என்றார். சுற்றி நின்றவர்களுக்கு விற்பது காதில் விழவில்லை. வெளிநாடு என்பதுதான் விழுந்தது. வீடு கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் வந்து போய்க்கொண்டே இருந்த காலம் அது. “குடு புள்ள, வெளிநாட்டுக்காரங்க கண்ணுல பட்டாலாவது நமக்கு ஒரு வழி பொறக்கும்” என்று நெருக்கினார்கள். அக்கா சரிங்க என்றாள். கார் போன பிறகு நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வித்துட்டா திரும்பி வராது என்றேன். அக்கா லேசாகச் சிரித்தாள். “ஒரு கை தைக்காம விட்ட சட்டைய எவளாச்சும் வாங்குவாளா? முடியாத துணிய யாரு தம்பி கேக்கப் போறா? எல்லாரும் பாக்கட்டும். நீ பத்திரமா எடுத்துட்டு வந்துரு, நான் மிச்சத்தைத் தைக்கணும்.” அவள் சொன்னதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. எங்கள் பக்கம் துணி விற்கிற கணக்கு அதுதான்.

அந்தச் சந்தையில் பழைய கேலரிக்காரர்களுக்கென்று ஒரு தனி உறவு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை தேருக்குக் கூடும் பங்காளிகள் மாதிரி. எங்களுக்கு அடுத்த ஸ்டாலில் கராச்சிக் கிழவர். மேடத்தைக் கண்டதும், “இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?” என்பதுதான் அவர் வணக்கம். “உங்களை அனுப்பிட்டுத்தான் போவேன்” என்பது மேடத்தின் பதில். இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஆனால் கண் எதிர் வரிசையில் புதிதாக முளைத்த கேலரிகளின் மேல் இருக்கும். வருஷாவருஷம் அந்த இடத்தைப் பிடித்து நிற்பது லேசான காரியமில்லை. போன வருஷம் பக்கத்தில் இருந்த பெய்ரூட்டுக்காரர் இந்த வருஷம் இல்லை. கேலரியை மூடிவிட்டாராம். கிழவர் அதைச் சொன்னபோது மேடம் எழுந்து, எங்கள் விளக்கை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

எங்கள் சுவரில் மற்றப் படங்களைப் பார்த்தவர்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். படங்குக்கு முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் எல்லாரும் பார்த்தது ரோசாச் செடியையோ கோழிக்கூட்டையோ அல்ல, அந்த வெறும் சாக்கைத்தான். வெள்ளைத் துணி உடுத்திய ஒரு வெளிநாட்டு அம்மா இரண்டு நாள் தொடர்ந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மெதுவாக மேடத்திடம், “அது இன்னும் முடியல மேடம். அக்கா தைக்கணும்” என்றேன். “தெரியும்டா” என்றார் அவர். “அதனாலதான் நிக்கிறாங்க.” குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல செய்தி சொல்கிற முகம்தான். இரண்டாம் நாள் மாலையில் அந்த அம்மா வாங்கிவிட்டார். போகும்போது என் கையைப் பிடித்து, அந்த இடத்தை யாரும் தொட விடமாட்டேன், அப்படியே காப்பாற்றுவேன் என்று சத்தியம் செய்வது போலச் சொன்னார். மனசாரச் சொன்ன சொல்தான், அதில் சந்தேகமில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். “எல்லாரும் பாத்தாங்களா?” என்றாள். பார்த்தார்கள் என்றேன். “சரி, மடிக்கிறப்போ எங்க காம்பரா மேல மடிப்பு விழாம பாத்துக்க.” அதற்குப் பிறகுதான் சொன்னேன். அந்தப் பக்கம் மழை பெய்யும் சத்தம் கேட்டது. “அப்ப மிச்சத்தை அவங்களா தைப்பாங்க?” என்றாள். இல்லைக்கா, அப்படியேதான் வைத்திருப்பார்கள் என்றேன். “வெறுஞ்சாக்காவா?” என்றாள். அவ்வளவுதான், போன் நின்றுவிட்டது.

பணம் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மேடம் அதோடு நிற்கவில்லை. படங்கை அச்சு அசலாக, அதே அளவில் படம் பிடித்து, பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டு, தானே கொண்டுவந்தார். அதற்குள் எங்கள் ஆட்களுக்கு வேறொரு சரிவில் சின்னச் சின்ன வீடுகள் கிடைத்திருந்தன. வெளிநாட்டுக் கண் பட்டதால்தானா என்று எனக்குத் தெரியாது. பொது மண்டபத்தில் நானும் இன்னொருவரும் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தோம். ஒவ்வொரு நூலும் தெரிந்தது, சாக்கின் தேயிலைச் சாயக் கறைகூடத் தெரிந்தது. அக்கா கிட்டே போய்த் தன் காம்பரா இருந்த இடத்தைக் கண்ணாடி மேல் தடவினாள். இன்னொரு கையில் மஞ்சள் கம்பளி நூல் உருண்டை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“பிள்ளை எந்திரிச்சு உக்காந்திருந்துச்சுன்னே வச்சுக்கிட்டேங்க மேடம்” என்றாள். “அவங்க அப்பா பக்கத்துல. மஞ்சச் சட்டை போட்டு. அப்படித்தான் தைக்கணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.” கையை எடுத்துக்கொண்டாள். “இதுல ஊசி எறங்காதுங்களே.”

மேடம், புதுத் துணி வாங்கித் தருகிறேன், புதிதாக ஒன்று தையுங்கள் என்றார். அக்கா சரிங்க என்றாள். தைக்கவில்லை. அந்தப் படங்கைக் கட்டிக்கொண்டுதான் அன்றைக்கு மலைக்குப் போனாள். வேறு துணியில் அந்த லயம் எப்படி வரும்?

மண் சரிந்த நாள் வருஷாவருஷம் வருகிறது. மண்டபத்தில் எல்லாரும் கூடி, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் காம்பராவின் மேல், கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். எல்லாரும் வைத்து முடித்த பிறகு அக்கா போவாள். வெறும் சாக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பெரிய பொட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு. மறுநாள் காலையில் அங்கே பாலர் பாடசாலை நடக்கும். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் டீச்சர் ஈரத்துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். போன வருஷம் நான் அதைத் தடுக்கப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடு தம்பி. கண்ணாடிதானே, தொடைக்கத்தான் செய்வாங்க.”