புகை விடாத வாட்டர் ஸ்கூட்டர்

டூவீலர் மெக்கானிக்கான என்னை இன்று கல்வராயன் மலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு ஏரியில் ஓடும் வாட்டர் ஸ்கூட்டரைப் பார்க்க.

காய்ந்துபோயிருந்த ஆயில் டேங்கை, ஏரியில் படகு விடக் குத்தகை எடுத்தவர் அப்போதுதான் நிரப்பியிருந்தார். ஆயில் பம்புக்குப் போகும் குழாயில் ஆயிலைவிடக் காற்றுதான் அதிகம்.

"ஏர் எடுக்கணுங்க. பம்பு ஸ்குரூவை லூசாக்கி, குமிழி நிக்கிற வரைக்கும் ஆயிலை வுடணும். இல்லன்னா ஆயில் போகாம நடு ஏரியில இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கும்."

"அதான் டேங்கு ரொம்பிடுச்சே, இன்னும் இன்னாடா? கூட்டம் நிக்குது பாரு."

அவர் கரும்பு ஏற்ற டிராக்டர் வைத்திருப்பவர். "டீசல் தீந்துபோனா உங்க டிராக்டரை ஏர் எடுக்காம ஓட்டுவீங்களா?" என்றேன்.

"டிராக்டர் என்னுதுடா. இது வாடகை வண்டி."

ஓட்டுவது மலைக்காரர் வெள்ளையன் அண்ணன். நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும்தானாம்.

"ஏறாதண்ணா."

"நான் ஏறலன்னா நாளைக்கு வேற ஆளு ஏறுவான் தம்பி" என்று ஸ்டார்ட் செய்தார்.

வண்டி சீறிக்கொண்டு போனது. "பாத்தியா, புகையே வரல. சும்மா பயமுறுத்திக்கினு கீற" என்று குத்தகைக்காரர் சிரித்தார்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு ஆயிலும் எரியும்; புகை வரவில்லை என்றால் உள்ளே ஆயில் போகவில்லை என்று அர்த்தம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டிக்கெட்டைக் கிழித்துவிட்டார்.

மலையிறங்கி சங்கராபுரம் வந்ததிலிருந்து வெள்ளையன் அண்ணனுக்குப் போன் போடுகிறேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவர்கள் கரையிலிருந்தே பார்த்து எனக்குச் சொல்லுங்கள். அந்த வண்டி புகை விடுகிறதா? அதை ஓட்டுவது அதே அண்ணன்தானா?