மணல்மேட்டை வரைந்தது யார்

எனக்கு வயலின் வாசிக்கத் தெரியும். பயப்பட அதைவிட நன்றாகத் தெரியும்.

இலங்கையில் சண்டைக் காலம் அது. மாத்தளைத் தேவாலயத்தில் வாசித்துக்கொண்டிருந்த என்னைத் தேடி ஒரு முஸ்லிம் அண்ணன் வந்தார்; நானா என்றுதான் கூப்பிடுவேன். சவூதியில் பத்து வருடம் லொறி ஓட்டியவர். திரும்பும்போது ஊத் என்ற தொப்பை பெருத்த அரபு நரம்பு வாத்தியத்தோடு வந்திருந்தார். பாலைவனத்தை இசையாக வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான் மணலைக் கண்டதெல்லாம் வீடு கட்டும் இடங்களில்தான். இருந்தும் சேர்ந்தோம். இரண்டே வாத்தியம், பாட்டில்லை, மைக் இல்லை. சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் சின்ன அறையில் வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

நானாவுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல, நான் மணல்மேடுகளைக் கோடுகளாக வரைந்தேன். வயலின் நுழையும் இடத்தில் அம்புக்குறி. ஊத் நிற்கும் இடத்தில் பெருக்கல் குறி. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு இலக்கங்கள். அந்தத் தாளை மடித்து வயலின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் பஸ் ஏறினோம். இப்படியும் இரண்டு மடையர்கள்.

தம்புள்ளைக்கு முன்னால் ஆமி செக்பொயின்டில் இறக்கினார்கள். அதிகாரி தாளை விரித்தார்.

"எந்த மலை இது? இந்த அம்பு எந்த முகாமுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பாலைவனம், சேர்" என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. நானாவை மணல் மூட்டைக் காவலறைக்குள் கொண்டுபோனார்கள். என்னை வெளியே ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் இதேபோல் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட ஒருவன் அன்றுவரை வீடு வந்து சேரவில்லை.

அதிகாரி என்னிடம் வந்தார். "யார் வரைந்தது?"

"அவர்தான்" என்றேன். வரைந்த அதே கையால் காவலறையைக் காட்டினேன்.

ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றேன். உள்ளே அடிக்கும் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

கடைசியில் நானாவோடு அதிகாரி வெளியே வந்தார். "ஹோட்டலில் கேட்டோம், சரி என்றார்கள். இவரும் தான்தான் வரைந்ததாகச் சொல்கிறார். இரண்டு பேர் பேச்சும் ஒன்றாக இருக்கிறது. போகலாம்."

வீதிக்கு வந்து அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம்.

"ஒங்கட பேரச் சொன்னா விடமாட்டாங்க தம்பி, தமிழ் பேரு" என்றார். "அதான் நான் கீறினேன்னு சொன்னேன். நீங்க மாத்திச் சொல்லிருவீங்களோன்னுதான் உள்ளுக்குள்ள பயந்து செத்தேன். என் மனசுல உள்ளது எப்படித் தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு? சேந்து வாசிச்ச பழக்கம் போல."

"ஆமா நானா" என்றேன்.