கடுக்காய்ப் பொடியும் என் கடைவாய்ப் பல்லும்

என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியதும் எங்கள் ஆம்பூர்த் தெருவில் திடீரென்று டாக்டர்கள் பெருகிவிட்டார்கள். இதயத்தில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நான். சவரக் கீறலுக்கே என் மனைவி துணியோடு ஓடி வருவாள். பல்லைப் பிடுங்கினால் நான் பிழைக்க மாட்டேன் என்று பயந்து சாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

அவள் அண்ணன் டேனரியில் தோல் பதனிடுகிறவர். "மாத்திரய நாலு நாள் நிறுத்திடு மாப்ள, பேஜாரே இல்ல" என்றார்.

வேலூரில் பல் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னதும் முறைத்தார். "ரத்தம் கசிஞ்சா நான் அழுத்தி நிறுத்திடுவேன். மாத்திரைய விட்டு வால்வுல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா யாருங்க நிறுத்துறது?"

இதய டாக்டரிடம் போனில் பேசி, ரத்தப் பரிசோதனையையும் பார்த்த பிறகுதான் பல்லைப் பிடுங்கினார். தையல் போட்டு, பஞ்சை மடித்து வைத்தார். "கடிச்சுக்கிட்டே இருங்க. பேசாதீங்க, துப்பாதீங்க."

ஷூ கம்பெனியில் மெஷின் சத்தத்தை மீறிக் கத்தியே பிழைத்தவனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

வெளியே நோயாளிகளோடு என் மனைவியும் மச்சானும் காத்திருந்தார்கள். மச்சான் கையில் ஒரு பொட்டலம். கடுக்காய்ப் பொடி. டேனரியில் தோலை இறுக்கப் போடும் அதே சரக்கு.

"பஞ்ச எடுத்துட்டு இத்த அடைச்சுக்க மாப்ள. எருமத் தோலயே இறுக்குது, உன் ஈறு எம்மாத்திரம்?"

என்னைச் செருப்பாக்கப் பார்க்கிறாரா என்று கேட்க நாக்கு துடித்தது. முடிந்தது ஒரு "ம்ம்" மட்டும்தான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மனிதர் என் தாடையைப் பிடித்துவிட்டார்.

அண்ணன் பேச்சை என் மனைவி தட்டியதே கிடையாது. அன்று பொட்டலத்தைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "சும்மா இருண்ணா! டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான்."

மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"ரத்தம் வருதா? மயக்கமா இருக்குதா? இன்னா, பேசேன்!" என்று அவள் என்னை விடவில்லை. நான் தலையாட்டியதை அவள் நம்பவில்லை. என் வால்வு திறந்து மூடுவது, கிட்டே வந்தால் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று கேட்கும். அத்தனை நோயாளிகள் முன்னாலும் என் மார்பில் காதை வைத்துவிட்டாள்.

"ஓடுது" என்றாள். ஆனால் காதை எடுக்கவில்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயில் பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால், "இன்னா இது, மானத்த வாங்குற?" என்று கத்தி அவளை விலக்கியிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.