வெள்ளையடித்த கிணறு

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையைப் போன கிழமை தண்ணீர்க் குழாய் போடுவதற்காக வெட்டினார்கள். வேலை செய்தவர் இருவர், பார்த்துக்கொண்டு நின்றவர் ஆறு பேர். நான் ஏழாவது ஆளாகப் போய் நின்றேன். வயதானவனுக்கு வேறென்ன வேலை? வெட்டிய மண்ணின் ஈரவாடை மூக்கில் ஏற, எனக்கு வத்தளை ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. நான் ஒரு கந்தோரில் வரைபடங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். சின்ன உத்தியோகம்தான். ஆனாலும் கழுத்துப்பட்டி கட்டாமல் போகமாட்டேன். அது மைப்புட்டிக்குள் தோயாத நாளுமில்லை. களனி ஆற்றுக்கு அப்பால், வத்தளையில் ஒரு தென்னந்தோட்டத்தைத் துண்டு பிரித்துக் குடியிருப்பாக்கும் வேலை அப்போது நடந்தது. கொட்டாஞ்சேனை நெரிசலில் மூச்சுமுட்டிக் கிடந்த துறைமுகத் தொழிலாளர் சிலர் அங்கே போய்க் குடில் போட்டிருந்தார்கள். நீர்கொழும்பு வீதியோடு வரும் குழாயை எந்த ஒழுங்கைக்கு முதலில் திருப்புவது என்று எங்கள் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை நேரில் பார்த்து முடிவு செய்வார். கிணறு மோசமான ஒழுங்கைக்கே முதலிடம். இந்த விதி எனக்குத் தெரியும்.

அளவு எடுக்கப் போய்வந்ததில் சவரிமுத்து அண்ணர் பழக்கமானார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். அவருடைய ஒழுங்கைக்கு ஒரே கிணறு. ஆறு பெருகினால் வெள்ளம் நேரே அதற்குள் இறங்கும். தண்ணீரில் மஞ்சளாய் ஆடை படிந்திருக்கும். வாடையைச் சொல்ல வேண்டாம். அவருடைய மகள் ரீற்றாவுக்கு எட்டு வயது. அந்தத் தண்ணீரைக் குடித்து இரண்டு தரம் படுத்து எழும்பியிருந்தாள்.

"தொரை எப்ப வாறாரு தம்பி?"

"வியாழக்கிழமை. கொஞ்சம் துப்புரவா வச்சிருங்கோ, அண்ணே."

அவ்வளவுதான் சொன்னேன். விதியைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, கந்தோர் விஷயம் வெளியே போகக்கூடாது என்ற மிதப்பா? இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

வியாழக்கிழமை போனால் இடமே அடையாளம் தெரியவில்லை. கோயில் திருநாளுக்குப் போல ஒழுங்கை முழுக்கத் தோரணம். கிணற்றை ஒட்ட இறைத்து, சேறு அள்ளி, கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புது ஊற்றுத் தண்ணீர் பளிச்சென்று கிடந்தது. பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு ரீற்றா துரைக்குச் செவ்விளநீர் நீட்டினாள். துரை அதைக் குடித்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், "நல்ல கிணறு, எழுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

'போன கிழமை இப்படி இல்லை, சேர்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. துரைக்கு எதிர்ப்பேச்சா? விழுங்கிவிட்டு எழுதினேன். என் கையெழுத்து நல்ல அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்த ஒழுங்கை திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. அடுத்த மழைக்கே ஆறு பெருகியது. நாலு வீட்டில் நெருப்புக்காய்ச்சல். ரீற்றா எழும்பவில்லை.

செத்த வீட்டில் சவரிமுத்து அண்ணர் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு மெல்லக் கேட்டார்:

"அழுக்காவே வுட்டிருக்கணுமா தம்பி? ஒரு பெரிய மனுசன் வாறாரு, எப்பிடி வுடுறது?"

அந்த விதி எனக்கு முன்பே தெரியும் என்பதை அவர் கடைசிவரை அறியவில்லை. சாயங்காலம் பஸ் வரை என்னோடு நடந்துவந்து ஏற்றிவிட்டுப் போனார்.

குழாய் பின்னால் வந்தது. அதற்குள் அவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டாஞ்சேனைக்கே திரும்பிவிட்டார்கள். இப்போது அங்கே தென்னையும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. ஒரு தொழிற்சாலையின் மதில்தான் நிற்கிறது. சவரிமுத்து அண்ணரும் மனைவியும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். அப்படி ஒரு பிள்ளை இருந்தாள் என்று நினைக்க இன்று உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.